தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றொரு புகார்

தண்ணீர் கலங்கலாக வருகிறது என்று மீட்டரம்மாவிடம் வருவார்கள். நாற்றம் அடிக்கிறது என்று வருவார்கள். குழாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் சீறுகிறது என்று வாளியும் கையுமாகக்கூட வந்திருக்கிறார்கள். தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று புகார் சொல்ல மட்டும் இதுவரை யாரும் வந்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் வீட்டு வாசலில் நின்று அழைப்புமணியை அழுத்தலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்த மனிதருக்கு இது நன்றாகவே தெரியும். சொன்னால் சிரிப்பார்கள். குடிநீர் அலுவலகத்தில் ஏற்கெனவே சிரித்தாகிவிட்டது.

அவர் அழுத்துவதற்குள் கதவே திறந்துகொண்டது.

"ஏம்மா, கேஸ் வந்திருக்கு!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார் கதவைத் திறந்தவர். அவர் மீட்டரம்மாவின் கணவர். ஒரு டாக்டரிடம் காலமெல்லாம் கம்பவுண்டராக இருந்தவர். வேலையை விட்ட பிறகும் தெருவுக்கு அவர் கம்பவுண்டர்தான்.

"கேஸ் இல்லைங்க, மனுஷர். முதல்ல உட்காரச் சொல்லுங்க" என்றபடி மீட்டரம்மா வந்தார். குடிநீர்த் துறையில் புகார்களை விசாரிக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு குழாய் ஏன் அழுகிறது, ஒரு மீட்டர் ஏன் பொய் சொல்கிறது என்றெல்லாம் கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. ஓய்வுக்குப் பிறகு சம்பளம் நின்றதே தவிர வேலை நிற்கவில்லை.

வந்தவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "நான் தேயிலை கம்பெனியில ருசி பார்க்குறவன். வரிசையா கப்புல ஊத்தி வெச்சிருப்பாங்க. ஒவ்வொண்ணா உறிஞ்சி, வாயில சுழட்டி, துப்பிட்டு, எது எதோட சேரும்னு சொல்லணும். ஆபீஸ்ல என் பேரைச் சொல்லமாட்டாங்க. ருசிக்காரர்னுதான் சொல்வாங்க."

"நல்ல பேருதான்" என்றார் கம்பவுண்டர்.

"எங்க வீட்டுக் குழாய்த் தண்ணியில இரும்பு ருசி இருக்கும். காலையில முதல் டம்ளர்ல மட்டும். அந்த வீட்டுக்குக் குடிபோன நாள்லேர்ந்தே இருக்கு. இப்ப சில வாரமா இல்ல."

"நல்லதுதானே சார்? இதுக்குப் போய்..."

"ஏங்க" என்றார் மீட்டரம்மா. கம்பவுண்டர் வாயை மூடிக்கொண்டார்.

ருசிக்காரர் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். காலையில் எழுந்ததும் பல்கூடத் துலக்காமல் சமையலறைக்குப் போவார். டம்ளரை ஒருமுறை அலசிக் கொட்டிவிட்டுத் தண்ணீர் பிடிப்பார். ஒரு வாய் எடுத்து விழுங்காமல் வைத்திருப்பார். நாக்கின் இரண்டு ஓரத்திலும் லேசாக இரும்பு பிடிக்கும். பிடித்தால் நாக்கு விழித்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு வேலைக்குப் போகலாம். இந்தப் பழக்கத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு வீட்டிலும் யாரும் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தனியாகத்தான் இருக்கிறார்.

"நடுவுல எனக்குக் காய்ச்சல் வந்துது. எழுந்த வாரத்துலதான் இரும்பு காணாமப் போச்சு. குடிநீர் ஆபீஸ்ல தண்ணி மாறவே இல்லேங்கிறாங்க. தண்ணி மாறலேன்னா, நாக்குதானே மாறியிருக்கணும்?"

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனேன். உப்பு வெச்சுப் பார்த்தார், சர்க்கரை வெச்சுப் பார்த்தார், எல்லாம் சரியா இருக்குன்னுட்டார். உப்பும் சர்க்கரையும் கல்லுக்குக்கூடத் தெரியுமே, அம்மா. என் பொழப்பு அதுக்கும் கீழே இருக்குற இழையில இருக்கு." அவர் நிறுத்தினார். "நாளைக்குப் புதுத் தேயிலை வருது. நான் சொல்றதை வெச்சுத்தான் வருஷம் பூரா கலப்பாங்க. நாக்கு போயிடுச்சு, வேற ஆளைப் பாருங்கன்னு நாளைக்கே சொல்லிடலாம்னு இருக்கேன். சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டுடலாம்னு வந்தேன்."

ஒரு நாளில் நான்கு பேர் அவர் முகத்தைப் பார்த்து, அவர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருக்கும் இடம் அந்த ருசி அறை ஒன்றுதான். அதை அவர் சொல்லவில்லை. மீட்டரம்மா கேட்கவும் இல்லை.

"மத்த நேரத்துல தண்ணி எப்படி?"

"எப்பவும்போல. நல்லாத்தான் இருக்கும்."

"உங்க கட்டடத்துல முதல்ல எழுந்திருக்கிறது யாரு?"

"நான்தான். மேல் வீடு, கீழ் வீடு, யாரு குழாயைத் திறக்கிறதுக்கும் முன்னாடி நான் திறந்திருப்பேன்."

மீட்டரம்மா செருப்பை மாட்டிக்கொண்டார். "நின்ன தண்ணிக்குத்தான் இரும்பு ருசி வரும். அப்ப உங்க புகார் தண்ணியைப் பத்தி இல்ல, அது நிக்கிறதைப் பத்தி. வாங்க, போய்ப் பார்க்கலாம்."

வழி நெடுகக் கம்பவுண்டர் காரணங்களை அடுக்கிக்கொண்டே வந்தார். புதிதாக ஏதாவது மருந்து கலக்கிறார்களோ? குழாய்க்குள் பாசி படிந்து துருவை மூடிவிட்டதோ? மீட்டரம்மா ஒவ்வொன்றையும் ஒதுக்கித் தள்ளினார்: "மருந்து கலந்தா எல்லா டம்ளர்லயும் தெரியணும், முதல் டம்ளர்ல மட்டும் எப்படித் தெரியும்?" "பழைய குழாய் ஒரே வாரத்துல திருந்திடுமா? நீங்க திருந்தினீங்களா?" பின்னால் நடந்துவந்த ருசிக்காரருக்கு இந்தப் பேச்சைக் கேட்கப் பிடித்திருந்தது. அவர் வீட்டில் ஒரு வாக்கியத்தை இன்னொரு வாக்கியம் சந்தித்து வெகுகாலம் ஆகிறது.

கட்டடம் மூன்று அடுக்கு. தரைத்தளத்தில் சலவைக்கடை, கடைக்குப் பின்னால் அதை நடத்தும் அக்கா குடியிருந்தார். நடுவில் ருசிக்காரர். மேல் வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது.

"அது ஆந்தை சார் வீடு" என்றார் ருசிக்காரர். "பத்திரிகை அச்சகத்துல ராத்திரி வேலை. விடிஞ்சப்புறம்தான் வருவார், பகலெல்லாம் தூங்குவார். ரிட்டயர் ஆன கையோட மகன் வீட்டுக்குப் போயிட்டார். வாசல்ல பெட்டியோட நின்னு, மகன் விடவே மாட்டேங்கிறான்னு தெருவுல ஒருத்தர் விடாம சொல்லிட்டுத்தான் வண்டி ஏறினார்."

"பழக்கமா?"

"படியில பார்த்தா, மழை வரும்போல இருக்கும்பார். ஆமான்னு சொல்வேன்." இத்தனை வருடங்களில் அதற்குமேல் பேசிக்கொண்டதில்லை என்பது, சொல்லும்போதுதான் அவருக்கே உறைத்தது.

"அவர் போன அன்னிக்கா இரும்பு போச்சு?"

"இல்லையே. அவர் போனப்புறமும் கொஞ்ச நாள் இருந்துது. அதுக்கப்புறம்தான் போச்சு."

மீட்டரம்மா பூட்டைப் பார்த்தார். சாவித்துளையில் சிலந்தி வலை கட்டியிருந்தது. கம்பவுண்டர் அதை ஊதப் போனார். மீட்டரம்மா கையைப் பிடித்துத் தடுத்தார்.

ருசிக்காரரின் சமையலறையில் ஒரு டம்ளர், ஒரு தட்டு, ஒரு பாத்திரம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. மீட்டரம்மா குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியே தலையை நீட்டினார். வெளிச்சுவரில் பழைய இரும்புக் குழாய் ஒன்று தரையிலிருந்து மொட்டைமாடிக்குக் கீழ்வரை நிமிர்ந்து ஏறியது. அதிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குக் கிளை பிரிந்து, சுவரைத் துளைத்து, நேராகச் சமையலறைக் குழாயில் முடிந்தது.

"டம்ளரை அலசிக் கொட்டுறீங்க இல்லையா, அதுல இந்தக் கிளையில இருக்குற தண்ணி போயிடும். அடுத்து நீங்க பிடிக்கிறது, ராத்திரி பூரா அந்தப் பெரிய குழாய்ல நின்ன தண்ணி" என்றார் மீட்டரம்மா. குழாய்களைப் பற்றிப் பேசும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். "தண்ணி ஓடிக்கிட்டே இருந்தா இரும்பு ஒட்ட நேரமில்ல. நின்னுட்டா, குழாயைக் கொஞ்சம் கொஞ்சமா கரைச்சு உள்ளே எடுத்துக்கும். இரும்பு ருசிங்கிறது வேற ஒண்ணுமில்ல. ராத்திரி யாரும் என்னைத் தொடலேன்னு தண்ணி சொல்றது."

அந்த வாக்கியம் தன்னைப் பற்றியதாகவும் இருந்ததுபோல் ருசிக்காரருக்குத் தோன்றியது.

"பிடிச்சுட்டேன்!" என்றார் கம்பவுண்டர். "கீழே சலவைக்கடை! இருட்டோட துணி ஊற வெக்கிறாங்களா இருக்கும். அதுல தண்ணி ஓடி, நின்னது எல்லாம் போயிடுது!"

மூவரும் கீழே இறங்கினார்கள். சலவைக்கடை அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார். வாட்டசாட்டமானவர், குரலும் அப்படித்தான்.

"ஆமா, ஒரு ஓட்டலோட விரிப்பெல்லாம் புதுசா வருது. இருட்டுலயே ஊற வெச்சுடுவேன். அதனால சாருக்கு என்ன கெட்டுப்போச்சு?"

"ஒண்ணும் கெடல. நல்லாயிடுச்சாம்" என்றார் கம்பவுண்டர்.

"அதுக்கா மூணு பேர் வந்திருக்கீங்க?"

கொல்லைப்புறத்தில் சேலைகளும் விரிப்புகளும் காய்ந்தன. கொல்லையின் ஓரத்திலிருந்து ஒரு சுருள் படி, மேல் வீடுகளின் பின்கதவுகளுக்கு ஏறியது. எப்போதும் அந்தப் படியின் கைப்பிடியில்தான் துணிக்கொடியைக் கட்டியிருப்பார்கள். இப்போது கொடி சுவரில் ஆணி அடித்து மாற்றிக் கட்டப்பட்டிருந்தது. ருசிக்காரர் அதைக் கவனித்தார். பேச்சுவாக்கில் சொல்லியும் வைத்தார்.

"காத்து இங்கதான் நல்லா வருது" என்றார் அக்கா சட்டென்று.

மீட்டரம்மா அக்காவிடம் கடைக் குழாய்களையெல்லாம் மூடச் சொன்னார். வாசலில் மீட்டர் குழியின் மூடியைத் தூக்கிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மூன்று வீட்டுக்கும் ஒரே மீட்டர். கண்ணாடிக்குள் ஒரு சிறிய சிவப்புச் சக்கரம் இருந்தது. எங்கேயாவது ஒரு சொட்டு ஒழுகினாலும் அது நகர்ந்துவிடும். மீட்டரம்மா கண்ணிமைக்காமல் அதையே பார்த்தார். கம்பவுண்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். சக்கரம் அசையவே இல்லை.

அதன் பிறகு மீட்டரம்மா கொல்லைக்குத் திரும்பி, பின்சுவரில் இறங்கும் மூன்று கழிவுநீர்க் குழாய்களின் அடியை வரிசையாகப் பார்த்தார். மூன்றாவதன் அடியில் குனிந்து விரலால் தடவி, கணவரின் மூக்கருகே நீட்டினார்.

"சோப்பு" என்றார் கம்பவுண்டர். "குளிக்கிற சோப்பு."

"அக்கா, நீங்களும் கொஞ்சம் வாங்க" என்றார் மீட்டரம்மா. "சத்தமா பேசுவேன். தப்பா நினைக்காதீங்க."

சுருள் படியின் கீழே நின்றுகொண்டு, ஒரு வகுப்புக்குச் சொல்வதுபோல நிதானமாக ஆரம்பித்தார்.

"சலவைக்கடைக்குத் தண்ணி தரையிலேயே பிரிஞ்சுடுது. மேல ஏறுற குழாய் ஒரு முட்டுச்சந்து மாதிரி. சந்து முனையில இருக்குற கடைக்கு எத்தனை பேர் வந்து போனாலும், சந்துக்குள்ள நிக்கிறவன் நகரமாட்டான். அவன் நகரணும்னா, சந்தோட அந்தக் கோடியில யாராவது கதவைத் திறக்கணும். அதனால அக்கா எவ்வளவு துவைச்சாலும் ருசிக்காரரோட இரும்பு போகாது."

"அப்ப மேல குழாய் ஒழுகுது! பூட்டின வீடு, யாரும் பார்க்கல!" என்றார் கம்பவுண்டர்.

"நல்ல யோசனைதான். அதுக்குத்தான் மீட்டரைப் பார்த்தேன். ஒழுகினா ஞாயிறு, திங்கள் பார்க்காது, எந்நேரமும் ஒழுகும். சக்கரம் அசையல. ஆகவே இது ஒழுகல் இல்ல. திறக்கவும் தெரிஞ்ச, மூடவும் தெரிஞ்ச ஒரு கை. விடியறதுக்கு முன்னாடி மேல் வீட்டுல யாரோ தண்ணி பிடிக்கிறாங்க, குளிக்கிறாங்க. மேல போன தண்ணி கீழே வந்துதானே ஆகணும்? ஆளில்லாத வீட்டோட கழிவுக் குழாய்ல பாசி காய்ஞ்சு உதிர்ந்திருக்கணும். இங்க பச்சைப் பசேல்னு இருக்கு."

"வாசப் பூட்டுல வலை கட்டியிருக்கே?" என்றார் ருசிக்காரர்.

"அதனால பின்கதவு. பின்கதவுக்கு இந்தப் படி. படியில ஆள் ஏறி இறங்கணும்னா கொடி வழிமறிக்கும். கொடியை மாத்தினது அக்கா. ஆக, அக்காவுக்குத் தெரியாம யாரும் மேல இல்ல."

சலவைக்கடை அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "திருட்டுக்குத் துணை போனவ மாதிரி பேசாதீங்கம்மா. வாக்குக் கொடுத்திருக்கேன், அவ்வளவுதான் சொல்வேன்."

"திருடன் தினமும் குளிக்கமாட்டான் அக்கா. வேற யாருன்னு பார்ப்போம். ராத்திரி பூரா முழிச்சிருக்கிறவர். பகல்ல சத்தமே இல்லாம தூங்குறவர். முன்னெல்லாம் ராத்திரி அச்சகத்துல இருந்தார், அதனால குழாய்த் தண்ணி அசையாம நின்னுது. மகன் வீட்டுக்குப் போனார், அப்பவும் நின்னுது. இரும்பு எப்ப போச்சு? அவர் போனப்ப இல்ல." மீட்டரம்மா மேலே நிமிர்ந்து பார்த்தார். "அவர் திரும்பி வந்தப்ப."

காய்ந்த விரிப்பு ஒன்று படபடத்தது. பிறகு மேலே தாழ்ப்பாள் நகர்ந்தது.

ஆந்தை சார் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். தூக்கம் கலைந்த கண்கள். வேட்டியும் பனியனும் வெள்ளைவெளேரென்று இருந்தன, சலவைக்கடைத் துவைப்பு. கடைசிப் படிக்கு முந்தின படியில், இறங்கலாமா என்பதுபோல் நின்றார்.

"மகன் நல்லவன்" என்றுதான் தொடங்கினார். "அதை முதல்லயே சொல்லிடுறேன். மருமக அதைவிட நல்லவ. ஆனா நான் ராத்திரி முழிச்சே பழகினவன். அங்க ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தா, என்னப்பா பண்ணுதுன்னு வீடே எழுந்து உட்காருது. பகல்ல தூங்கினா டாக்டரைக் கூப்பிடுறாங்க. எல்லாரும் தூங்கணும்னுதான் வந்துட்டேன்."

"அதுக்கு ஏன் சார் ஒளிஞ்சிருக்கீங்க?" என்றார் கம்பவுண்டர். "மகனுக்குத் தெரியாதா?"

"மகனுக்குத் தெரியும். தெருவுக்குத்தான் தெரியாது. அவ்வளவு பெருமை அடிச்சுட்டுப் போனேனே! இப்ப வந்து நின்னா, மகன் விரட்டிட்டான்னுதான் பேசுவாங்க. அவன் பேரு கெட்டுப்போகும்." ருசிக்காரரைப் பார்த்தார். "குழாயை நூல் மாதிரிதான் திறப்பேன், உங்க தூக்கம் கெடக்கூடாதுன்னு. உங்க ருசியைக் கெடுப்பேன்னு தெரியாது சார்."

"கெடுக்கல" என்றார் ருசிக்காரர். தலைக்குமேல் பத்து அடி உயரத்தில் ஒரு மனிதர் இரவெல்லாம் விழித்திருந்திருக்கிறார். கீழே தானும் பல இரவுகள் விழித்துக் கிடந்ததை நினைத்துக்கொண்டார்.

மீட்டரம்மா விஷயத்துக்கு வந்தார். "இன்னும் முடியல. நான் சொன்னது கணக்கு; நாக்குக்குக் கணக்கு போதாது. ஆந்தை சார், இன்னிக்கு ராத்திரி நீங்க குழாயைத் தொடக்கூடாது. காலையில ருசிக்காரர் முதல் டம்ளர் பிடிக்கட்டும். இரும்பு இருந்தா அவர் நாக்கு சரி. இல்லேன்னா நான் சொன்னது தப்பு, அவர் பயந்ததுதான் நிஜம்."

"தொடமாட்டேன். சத்தியமா தொடமாட்டேன்" என்றார் ஆந்தை சார்.

மறுநாள் பொழுது வெளுக்கும் நேரத்தில் ருசிக்காரர் சமையலறையில் நின்றார். டம்ளரை அலசிக் கொட்டினார். தண்ணீர் பிடித்தார். ஒரு வாய் எடுத்துக் கண்ணை மூடினார்.

ஒன்றுமில்லை. குளிர்ச்சி மட்டும் இருந்தது. வாய்க்குள் தண்ணீர் வெதுவெதுப்பாகும்வரை காத்திருந்தார். வேலையை விட்டுச் சாயங்காலம் திரும்பி வந்தால், நாளை எதற்காக எழுந்திருப்பது என்றுகூட யோசித்துவிட்டார். அப்போதுதான் நாக்கின் இடது ஓரத்தில் மெல்லிய ஊசிமுனைபோல் ஒன்று தொட்டது. பிறகு வலது ஓரம். சந்தேகமே இல்லை. இரும்பு.

துப்ப மறந்து விழுங்கிவிட்டார்.

சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். சொல்ல வேண்டும்போல் இருந்தது. பின்கதவைத் திறந்து சுருள் படியில் ஏறினார். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அவர் அதில் ஏறியதில்லை. கதவைத் தட்டக் கையை ஓங்கும்போதே கதவு திறந்தது. ஆந்தை சார் கதவுக்குப் பின்னாலேயேதான் நின்றிருக்க வேண்டும்.

"இருக்கா?"

"இருக்கு."

ஆந்தை சார் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "ராத்திரி பூரா எனக்கு உயிரே இல்ல சார். பழக்க தோஷத்துல கை போயிடுமோன்னு பயந்து, குழாயைத் துண்டால கட்டி வெச்சிருக்கேன். முகம்கூடக் கழுவல."

"இனிமே திறக்கலாம் சார்."

"திறந்தா நாளைக்கு உங்களுக்கு இரும்பு இருக்காதே? நாக்கு முழிச்சிருக்கான்னு எப்படிப் பார்ப்பீங்க?"

ருசிக்காரர் கொஞ்சம் யோசித்தார். "அதுக்கு ஆபீஸ்ல வேற வழி பார்த்துக்கறேன். இங்க இரும்பு இல்லேன்னா, மேல நீங்க முழிச்சிருக்கீங்கன்னு தெரிஞ்சுக்கறேன்."

ஆந்தை சார் எழுந்து உள்ளே போனார். துண்டின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். பயத்தில் போட்ட முடிச்சு, இறுகிக் கல்லாகியிருந்தது. அவர் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, ருசிக்காரர் நகத்தை நுழைத்து நெம்பினார். "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்றார் ஒருவர். "நீங்க இழுக்காதீங்க சார்" என்றார் மற்றவர். வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் அது நினைவில்லை.